கொலாபா இரயில் நிலையம்: ஒரு முனையம் மறைந்த வரலாறு

மும்பை மாநகரின் தென்கோடியில், உட்ஹவுஸ் சாலைக்கு அருகில், இரயில்வே அதிகாரிகளுக்கான குடியிருப்பு ஒன்று உள்ளது. பத்வார் பூங்கா என்பது அதன் பெயர். இந்திய இரயில்வே வாரியத்தின் முதல் இந்தியத் தலைவராக 1951-இல் பொறுப்பேற்ற எப்.சி. பத்வாரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. இக்குடியிருப்புக்கு மிக அருகில் உள்ள இரயில் நிலையம் சர்ச்கேட். அதுவும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தண்டவாளமே இல்லாத ஓரிடத்தில் இரயில்வேக்கு இவ்வளவு விலையுயர்ந்த நிலம் எவ்வாறு வந்தது என்ற கேள்விக்கு விடை, 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவோடு மூடப்பட்ட கொலாபா இரயில் நிலையத்தின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

ஒரு நிலையம் கைவிடப்படுவதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் போக்குவரத்துக் குறைவு என்பதாகும். கொலாபாவின் நிலை அதற்கு மாறானது. மூடப்படுவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1928 ஜனவரி 5-இல், கொலாபாவிலிருந்து போரிவிலி வரையிலான பாதை மின்மயமாக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல், பெஷாவர் வரை செல்லும் புகழ்பெற்ற 'பிரான்டியர் மெயில்' அங்கிருந்து புறப்படத் தொடங்கியது. பயணிகள் நிறைந்திருந்த, புதிதாக முதலீடு செய்யப்பட்டிருந்த ஒரு முனையம் ஏன் அகற்றப்பட்டது என்பதை ஆராயுங்கால், இரயில்வேயின் கணக்கைவிட நிலத்தின் விலையே இதில் முடிவு செய்யும் காரணமாக இருந்தது என்பது புலப்படும்.

பருத்தியும் பாதையும்

இந்தியாவின் முதல் பயணி இரயில் 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. அது ஜி.ஐ.பி. இரயில்வேயின் பாதை. குஜராத்தின் பருத்தி விளையும் மாவட்டங்களைப் பம்பாயுடன் இணைக்கும் நோக்கத்தோடு எழுந்த மற்றொரு நிறுவனமே பி.பி.சி.ஐ. இரயில்வே. இதன் பாதை வடக்கே சூரத் பகுதியில் தொடங்கித் தெற்கு நோக்கி வளர்ந்து, 1864 நவம்பரில் பம்பாயின் கிராண்ட் ரோடு வரை வந்து சேர்ந்தது. நகரின் வாணிக மையமான கோட்டைப் பகுதியோ, பருத்திச் சந்தை அமைந்திருந்த கொலாபாவோ அங்கிருந்து இன்னும் தொலைவிலேயே இருந்தன. அந்த இடைவெளியை நிரப்ப நிலம் வேண்டியிருந்தது. நகரின் மேற்குக் கரையிலோ அப்போது கடல்தான் இருந்தது.

இங்கே அமெரிக்க உள்நாட்டுப் போர் குறுக்கிடுகிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரின் காரணமாக லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. அப்பணம் சென்று சேர்ந்த துறைகளுள் முதன்மையானது, கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களின் பங்குகளாகும். பேக்பே எனப்படும் மேற்கு விரிகுடாவைத் தூர்ப்பதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. பிரேம்சந்த் ராய்சந்த் போன்ற தரகர்களின் கையில் அதன் பங்குகள் நம்ப முடியாத விலைக்கு ஏறின. போர் முடிந்த செய்தி வந்ததும் 1865-இல் எல்லாம் சரிந்தன. வங்கிகள் வீழ்ந்தன, பேக்பே நிறுவனமும் வீழ்ந்தது. எஞ்சியது கரையோரமாக ஒரு குறுகிய நிலப்பட்டை மட்டுமே. அரசு அதனை இரயில் பாதைக்கு ஒதுக்கியது. ஊக வாணிகத்தின் தோல்வியே இரயில்வேக்கு நிலமாகக் கிடைத்தது எனலாம்.

1867 ஏப்ரல் 12-இல் விராரிலிருந்து பேக்பே வரை நாளொன்றுக்கு ஒரு இரயில் ஓடத் தொடங்கியது. இன்று நாள்தோறும் பல லட்சம் மக்களைச் சுமக்கும் மேற்குப் புறநகர்ப் போக்குவரத்தின் தொடக்கம் அதுவேயாகும். பாதை மேலும் தெற்கே நகர்ந்து, 1870-இல் சர்ச்கேட்டையும், அடுத்த சில ஆண்டுகளில் கொலாபாவையும் எட்டியது. கொலாபாவில் முதலில் சரக்குப் போக்குவரத்தே முக்கியம். பருத்திப் பொதிகளை நேரே சந்தைக்கருகில் இறக்க முடிந்தது வணிகர்களுக்குப் பெரும் வசதி. பயணிகள் பெருகவே, 1896-இல் முழுமையான முனையமாகப் புதிய நிலையம் அங்கே எழுந்தது.

கொலாபா ஒருபோதும் தமிழர்களின் நிலையமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஜி.ஐ.பி. இரயில்வேயும் மதராஸ் இரயில்வேயும் 1871-இல் ராய்ச்சூரில் இணைந்தபின், தெற்கிலிருந்து வேலை தேடி வந்தோர் அப்பாதையிலேயே வந்தனர். தாதரும் மாட்டுங்காவும் அவர்களுக்கு வாயிலாயின. ஆயினும் மாட்டுங்காவில் குடியிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களில் பணியாற்றிய எழுத்தர்களுக்குப் பி.பி.சி.ஐ. பாதையின் மாட்டுங்கா ரோடு நிலையமும் எட்டும் தொலைவில் இருந்தது. அவ்வழியே சென்றவர்களுக்குக் கொலாபா, நாள்தோறும் கண்ட பெயர்ப்பலகைதான்.

பயன் தேய்ந்த விதம்

கொலாபாவின் வலிமை பருத்தி. அதன் பலவீனமும் அதுவே. 1873-இல் பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகம் நிறுவப்பட்டது. 1875-இல் கொலாபாவில் சசூன் துறை திறக்கப்பட்டபோது, தென்முனையே துறைமுகத்தின் எதிர்காலம் என்று தோன்றியிருக்கக்கூடும். ஆனால் 1880-இல் பிரின்ஸ் துறை, அடுத்து விக்டோரியா துறை, 1914-இல் அலெக்சாண்டிரா துறை என்று பெரிய துறைகள் யாவும் நகரின் கிழக்குக் கரையில், கொலாபாவுக்கு வடக்கே அமைந்தன. 1915-இல் துறைமுகக் கழகம் தனக்கென ஓர் இரயில் பாதையையும் திறந்தது. உள்நாட்டிலிருந்து வரும் சரக்கு நகரின் தென்முனையைத் தொடாமலேயே கப்பலுக்குச் செல்ல வழி பிறந்தது. இறுதியாக, 1920-களில், பருத்திச் சந்தையே கொலாபாவை விட்டுச் சிவ்ரி பகுதிக்குப் பெயர்ந்தது. அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் 'காட்டன் கிரீன்' என்றே வழங்கப்படுகிறது. கொலாபாவில் பச்சைத் திடலில் நடந்த சந்தையின் பெயர் அது. திடலும் பச்சையும் இல்லாத இடத்துக்குப் பெயர் மட்டும் குடிபெயர்ந்தது.

எனவே 1920-களின் நடுவில் கொலாபா நிலையத்தின் நிலை இது: சரக்கு வாணிகம் வெளியேறிவிட்டது, பயணிகள் போக்குவரத்து வளர்ந்துகொண்டிருந்தது. பயணிகளுக்காக மட்டும் அந்த நிலையத்தை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி எழுந்த வேளையில், இரண்டாம் முறையாகக் கடலைத் தூர்க்கும் ஆவல் நகரைப் பற்றியது.

இரண்டாவது பேக்பே திட்டம்

1918 முதல் 1923 வரை பம்பாய் ஆளுநராக இருந்த ஜார்ஜ் லாயிட், நகரின் இட நெருக்கடியைத் தீர்க்க 1920-இல் வளர்ச்சித் துறை ஒன்றைத் தோற்றுவித்தார். பேக்பேயில் 1145 ஏக்கர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்பதும், தொழிலாளர்களுக்கு 50,000 ஒற்றை அறை வீடுகள் கட்டுவதும் அத்துறையின் இரு பெரும் பணிகள். வீட்டுத் திட்டத்துக்கென நகருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி விதிக்கப்பட்டது. நிலமீட்புத் திட்டத்தின் செலவையோ, மீட்ட நிலத்தை விற்கும் பணமே ஈடுசெய்யும் என்று கணக்கிட்டனர்.

முதல் உலகப் போரை அடுத்த செழிப்பு நிலைக்கும் என்ற ஊகத்தின்மீது எழுந்த கணக்கு அது. செழிப்பு நிலைக்கவில்லை. கடற்சுவரின் கற்களுக்கிடையே, உள்ளே கொட்டிய சேறு கசிந்து கடலுக்கே திரும்பியது. தூர்வாரும் கப்பல்கள் எதிர்பார்த்த அளவு சேற்றை அள்ளவில்லை. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. சட்டமன்றத்தில் கே.எப். நரிமன் இத்திட்டத்தின் சீர்கேடுகளை விடாது அம்பலப்படுத்தினார். அதிகாரி ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில் அவர் விடுதலை பெற்றார். 1926-இல் விசாரணைக் குழுவும் அமைந்தது. முடிவில், எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்ட திட்டத்தில் நான்கு மட்டுமே நிறைவேற்றப்பட்டன. வீடுகளிலும் 16,000 அளவே கட்டப்பட்டன. வொர்லி, நைகாம் முதலிய இடங்களில் உள்ள பி.டி.டி. சால்கள் அவையே.

இத்திட்டத்துக்கும் கொலாபா நிலையத்துக்கும் உள்ள தொடர்பு எளிதில் விளங்கும். சர்ச்கேட்டிலிருந்து கொலாபா செல்லும் பாதை, தரைமட்டத்தில், பழைய கரையை ஒட்டிச் சென்றது. அதற்கு மேற்கே கடல் இருந்தவரை அப்பாதை எவருக்கும் இடையூறன்று. மேற்கே புதிய நிலம் தோன்றியபின், கோட்டைப் பகுதிக்கும் அந்நிலத்துக்கும் நடுவே தண்டவாளம் ஒரு வேலியாயிற்று. வேலிக்கு அப்பால் உள்ள மனைக்கு எவர் உயர்ந்த விலை கொடுப்பார்? மீட்ட நிலத்தை விற்றே கடனை அடைக்கவேண்டிய நிலையிலிருந்த அரசு, சர்ச்கேட்டுக்குத் தெற்கே உள்ள பாதையை அகற்ற முடிவு செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலமீட்புத் திட்டத்தின் வீழ்ச்சி அப்பாதையை உண்டாக்கியது. இப்போது மற்றொரு நிலமீட்புத் திட்டத்தின் இடுக்கண் அதை அழித்தது.

தொலைதூர இரயில்களுக்கு மாற்று முனையம் தேவைப்பட்டது. கிளாட் பேட்லி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், 21 மாதங்களில், ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் ரூபாய்ச் செலவில் பம்பாய் சென்ட்ரல் நிலையம் கட்டப்பட்டு, 1930 டிசம்பர் 18-இல் திறக்கப்பட்டது. இரு வாரங்களில் கொலாபா மூடப்பட்டது. புறநகர் இரயில்கள் சர்ச்கேட்டோடு நின்றன.

நிர்வாக நோக்கில் இது நேர்த்தியான மாற்றமே. தொலைதூரப் போக்குவரத்தும் புறநகர்ப் போக்குவரத்தும் பிரிந்ததால், சர்ச்கேட் முழுவதும் புறநகர்ப் பயணிகளுக்கு உரியதாயிற்று. பிற்காலத்தில் அங்கே சில நிமிடங்களுக்கு ஓர் இரயில் என்ற அளவில் போக்குவரத்தைப் பெருக்க முடிந்ததற்கு இப்பிரிவினை பெரிதும் உதவியது. ஆனால் இதன் செலவில் ஒரு பகுதி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கொலாபாவில் வேலை செய்தவர் சர்ச்கேட்டில் இறங்கி நடந்தார். அல்லது டிராமுக்கும் பேருந்துக்கும் தனியே காசு கொடுத்தார். குஜராத்திலிருந்து மூட்டைமுடிச்சோடு வந்தவர் சென்ட்ரலில் இறங்கி வண்டி பிடித்தார். திட்டத்தின் இலாப நட்டத்தைக் கணக்கிடும்போது, பயணியின் நேரத்தையும் கால்நடையையும் பணமாகக் கருதும் முறை அன்று வழக்கில் இல்லை. இன்று கருத்தளவில் அது ஏற்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில் எந்த அளவுக்கு என்பது வேறு.

இத்தனை முயற்சியால் விடுவிக்கப்பட்ட நிலம் உடனே விலைபோயிற்றா என்றால், அதுவும் இல்லை. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் மனை விலையை அழுத்தியது. மெரின் டிரைவை ஒட்டிய கட்டடங்கள் பெரும்பாலும் 1930-களின் நடுப்பகுதியிலும் அதற்குப் பின்னருமே எழுந்தன. பாதை சென்ற நிலப்பட்டை நாளடைவில் சாலைகளிலும் கட்டடங்களிலும் கரைந்தது. முனையம் இருந்த இடம் மட்டும் இரயில்வேயிடமே தங்கிக் குடியிருப்பாயிற்று. நரிமனின் பெயரோ, அவர் எதிர்த்த திட்டத்தின் தொடர்ச்சியாகப் பின்னாளில் தூர்க்கப்பட்ட நரிமன் முனைக்கே சூட்டப்பட்டுள்ளது. இத்தகைய நகைப்புக்கிடமான நிகழ்ச்சிகள் நகர வரலாற்றில் அரிதல்ல.

செம்பூர் வழியே சென்ற மற்றொரு பாதை

கொலாபாவின் கதையை நகரின் வடகிழக்கில் நிகழ்ந்த மற்றொன்றோடு ஒப்பிடுதல் பயன் தரும். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-இல் ஒற்றைப் பாதை அமைக்கப்பட்டது. அதன் பணி நகரின் குப்பையை ஏற்றிச் செல்வது. 1924-இல்தான் அதில் பயணிகள் அனுமதிக்கப்பட்டனர். பின்னர், சால்செட் தீவின் புறநகர்களை வளர்க்கும் நோக்கத்துடன், நகர மேம்பாட்டுக் கழகத்தின் திட்டமாக, டிராம்பேயிலிருந்து செம்பூர், குர்லா வழியே அந்தேரி வரை சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள சால்செட்–டிராம்பே இரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. ஜி.ஐ.பி. இரயில்வே அதனை இயக்கியது. ஆறே ஆண்டுகளில், 1934-இல், அது மூடப்பட்டது.

கொலாபாவில் நிலத்தின் மதிப்பு மிகுந்ததால் பாதை அகற்றப்பட்டது. இங்கே நிலம் மதிப்புப் பெறுவதற்கு முன்னரே பாதை வந்துவிட்டது. டிராம்பேயின் காலம் பின்னரே வந்தது. 1954-இல் அங்கே அணுசக்தி நிலையம் நிறுவப்பட்டது. அதே பத்தாண்டில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1965-இல் உரத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. நாட்டுப் பிரிவினைக்குப்பின் அகதிகள் குடியமர்த்தப்பட்டும், தென்னிந்தியர் பெருமளவில் குடியேறியும் செம்பூர் நிரம்பியது. அப்போது தேவைப்பட்ட கிழக்கு மேற்கு இணைப்பு 1934-லேயே கைவிடப்பட்டிருந்தது. அந்தேரியைக் கிழக்கிலுள்ள மத்திய இரயில்வே பாதையோடு மீண்டும் தண்டவாளத்தால் இணைத்தது, 2014 ஜூனில் திறக்கப்பட்ட வெர்சோவா–காட்கோபர் மெட்ரோவாகும். இடையில் சென்ற எண்பது ஆண்டுகள் மக்கள் பேருந்திலும், தாதர் வரை சென்று இரயில் மாறியும் பயணம் செய்தனர். ஒரு பாதையை ஆறு ஆண்டு வருவாயைக் கொண்டு எடைபோடுவது எவ்வளவு பிழையான அளவுகோல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ் வாசகர்க்குக் கைவிடப்பட்ட நிலையம் என்றதும் நினைவுக்கு வருவது தனுஷ்கோடியே. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், இலங்கைக்குச் செல்வோரைக் கப்பலில் ஏற்றிவிட்ட அந்நிலையத்தை 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவின் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி இரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலுக்கு இரையாயினர். அங்கே கடல் நிலையத்தைக் கொண்டுபோயிற்று. கொலாபாவில் கடலிலிருந்து பறித்த நிலம் நிலையத்தைக் கொண்டுபோயிற்று. தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களைக் காண மக்கள் செல்கின்றனர். கொலாபாவில் காண்பதற்கு ஒன்றுமில்லை.

பிற நாடுகளிலும் முனையங்கள் மறைந்துள்ளன. 1900-இல் திறக்கப்பட்ட பாரிஸின் ஓர்சே நிலையத்தின் நடைமேடைகள் நீண்ட மின்சார இரயில்களுக்குப் போதாமற்போயின. 1939 அளவில் தொலைதூர இரயில்கள் விலகின. 1986-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதே 1986-இல் மூடப்பட்ட இலண்டனின் பிராட் ஸ்டிரீட் நிலையத்தின்மேல் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. ஒன்று பொதுமக்களுக்கும், மற்றொன்று நிதி நிறுவனங்களுக்கும் சென்றது. நிலையம் போனபின் நிலம் யாருக்கு என்பதே எங்கும் எழும் கேள்வி.

இரயில்வே நிலமும் குடியிருப்போரும்

மும்பையில் இக்கேள்வி கூர்மையானது. இங்கே இரயில்வே பயன்படுத்தாத நிலம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதில்லை. அதில் மக்கள் வாழ்கின்றனர். துறைமுகப் பாதையின் சில பகுதிகளில் குடிசைகள் தண்டவாளத்தை நெருங்கி நின்றதால், இரயில்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த காலம் உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 2002-இல் ஏற்கப்பட்ட நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின்கீழ் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. இவ்வேலையில் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பு நேரடியாகப் பங்கேற்றது. அதன் தலைவர் ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அவர் வாழ்ந்த டிராம்பேயின் ஜனதா காலனியே, அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக 1976-இல் அகற்றப்பட்டு, மக்கள் சீட்டா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வெளியேற்றம் என்னவென்று அறிந்த ஒருவர் மறுகுடியமர்வை எண்ணிக்கை எடுக்கும் வேலையிலிருந்தே தொடங்கியதில் வியப்பில்லை. வீடுதோறும் எண்ணி, யார் எங்கே செல்வது என்பதை முன்கூட்டி மக்களே முடிவு செய்தது, அத்திட்டத்தில் வற்புறுத்தலைக் குறைத்தது.

தாராவியின் நிலையும் இதனோடு தொடர்புடையது. மேற்கு, மத்திய, துறைமுகப் பாதைகளுக்கு இடையே அமைந்த பகுதி தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்கெனத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் இடம். அதன் சீரமைப்புத் திட்டத்தில், மாட்டுங்காவுக்கும் மாஹிமுக்கும் இடைப்பட்ட சுமார் 45 ஏக்கர் இரயில்வே நிலமும் சேர்க்கப்பட்டுள்ளது. 2006-இல் அமைக்கப்பட்ட இரயில் நில வளர்ச்சி ஆணையத்தின் வாயிலாக, 99 ஆண்டுக் குத்தகையில் இந்நிலம் தரப்பட்டது. 2022 நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி முடிவானபின், அங்கே முதலில் எழத் தொடங்கியது இரயில்வே ஊழியர்க்கான மாற்றுக் குடியிருப்பு. அடுத்து எத்தனை தாராவிக் குடும்பங்கள் அந்நிலத்தில் இடம்பெறும், எத்தனை நகரின் விளிம்புக்கு அனுப்பப்படும் என்பதே அங்குள்ளோரின் கவலை. விளிம்புக்குச் செல்லும் குடும்பம் தன் தொழிலையும், நடந்து சென்று ஏறும் இரயில் நிலையத்தையும் ஒருங்கே இழக்கிறது. 1930-இல் கொலாபாப் பயணி இழந்தது இரண்டு கிலோமீட்டர். இங்கே கேள்விக்குரிய தொலைவு அதனினும் பன்மடங்கு.

தெற்கு மும்பைக்கு இரயில் திரும்பிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆரேயிலிருந்து கப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ மூன்றாம் பாதை, பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 2025 அக்டோபரில் நிறைவடைந்தது. ஏறத்தாழ 37,000 கோடி ரூபாய்ச் செலவிலான இப்பாதை நிலத்தின் அடியில் செல்வதால் மேலுள்ள மனை எதையும் இரண்டாகப் பிரிப்பதில்லை. அதன் தென்முனை நிலையமான கப் பரேடு, பழைய கொலாபா முனையம் இருந்த இடத்துக்கு அண்மையில் உள்ளது. வடக்கே செல்லும் வழியில் அதே பாதையில் தாராவி என்றொரு நிலையமும் இருக்கிறது.